இரவில் விழித்திருக்கும் ஆள்தான் முதலில் வேண்டும்

பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“என் மகளுக்கு 3 வயது. மூளைக்காய்ச்சல் வந்து கோவையில் ஒரு மருத்துவமனையில் மூன்று மாதமாக இருக்கிறோம். மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டு வைத்த ட்ரக்கியாஸ்டமி குழாய், வயிற்றில் சாப்பாட்டுக் குழாய். மூச்சு தானாக விடுகிறாள். ஆனால் சளியைத் துப்பவோ விழுங்கவோ முடியவில்லை, உறிஞ்சும் மெஷினால் சக்ஷன் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னும் இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். ஒரு ஏஜென்சியில் கேட்டோம். வீட்டோடு தங்கி 24 மணி நேரமும் பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்ஸ், மாதம் 22,000 ரூபாய் என்றார்கள். அந்தப் பெண் ஆறு மாத கோர்ஸ் முடித்தவராம். என் மாமியார், ‘எதுக்குங்க ஊடு தேடி வேத்தாளு? நாமளே பாத்துக்கலாம்’ என்கிறார். கணவர் தறிக்குடோனை விட்டு வர முடியாது. மூத்த பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். என்ன செய்வதென்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது.”

வணக்கம்ங்க. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, இப்படி வீட்டுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கிற செவிலியராக இதை எழுதுகிறேன். உங்கள் பயம் நியாயமானது. அதைத் தைரியம் சொல்லி அடக்க வேண்டாம், வேலையாக மாற்றுவோம்.

முதலில் அந்த 24 மணி நேர ஏற்பாடு. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. எந்த மனுஷியாலும் 24 மணி நேரம் விழித்திருக்க முடியாது. பகலெல்லாம் குழந்தையைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, துணி அலசியவர் ராத்திரி தூங்கித்தான் ஆக வேண்டும். ஆள் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் நீங்களும் தூங்கிவிடுவீர்கள். ஆக, யாராவது விழித்திருக்க வேண்டிய நேரத்தில் வீடே தூங்கும்.

உங்கள் மகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கழுத்துக் குழாய் உள்ள குழந்தை அழுதால் பெரும்பாலும் சத்தம் வராது. குரல்நாணுக்குக் கீழேயே காற்று வெளியே போய்விடுகிறது. மற்ற பிள்ளைகள் இருமினாலே பெற்றவளுக்கு விழிப்பு வந்துவிடும். இவள் திணறினால் பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கே கேட்காமல் போகலாம். அதிலும் உங்கள் வீட்டை ஒட்டித் தறி ஓடுகிறது. அந்த இரைச்சலில், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கத்துகிற ஆக்சிமீட்டரின் அலாரம்கூட அமுங்கிவிடும். அதனால் பணத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், ராத்திரியில் போடுங்கள் என்பேன். இரவு 8 மணிக்கு வந்து காலை வரை விழித்திருந்து குழந்தையைக் கவனிக்கிற, சரியான படிப்புள்ள ஒரு நர்ஸ். பகலை நீங்களும் மாமியாரும், தேவைப்பட்டால் அந்த ஆறு மாத கோர்ஸ் பெண்ணின் உதவியோடும் பார்த்துக்கொள்ளலாம்.

செலவு கூடும், தெரியும். ஏழு ராத்திரிக்கும் முடியாவிட்டால் வாரத்தில் நான்கு ராத்திரிக்காவது வையுங்கள். மீதி நாட்களில் நீங்களும் கணவரும் ராத்திரியைப் பாதியாகப் பிரித்து, ஒருவர் ஒரு மணி வரை, இன்னொருவர் அதற்கு மேல் என்று விழித்திருங்கள். ‘நான் அம்மா, எனக்குத் தூக்கமெல்லாம் வேண்டாம்’ என்று மட்டும் இறங்காதீர்கள். ஒரு வாரம் ஓடும். அப்புறம் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும், மருந்து அளவில் கை தவறும்.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி முழுச் சரி. நர்ஸ் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு எல்லாமே கைவந்திருக்க வேண்டும். நர்ஸுக்குக் காய்ச்சல் வரும், பஸ் வராது, ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடுவார். அன்றைக்கு ராத்திரி குழந்தை உங்கள் கையில்தான். எனவே இரண்டு வாரம் என்ற தேதியைப் பிடித்துத் தொங்காதீர்கள். நீங்களும் கணவரும் இவற்றை வார்டிலேயே செய்து பழகிய பிறகுதான் டிஸ்சார்ஜ் என்று மருத்துவரிடம் கேளுங்கள்: சக்ஷன் போடுவது, கழுத்துக் குழாயை மாற்றுவது, கட்டும் நாடாவை மாற்றுவது, ஆம்பு பேக்கை அழுத்தி மூச்சு கொடுப்பது, மூச்சும் துடிப்பும் நின்றால் நெஞ்சை அழுத்துவது, வயிற்றுக் குழாயில் உணவும் மருந்தும் கொடுப்பது. பக்கத்தில் நின்று பார்த்தது கணக்கில் சேராது. சிஸ்டர் கைகட்டி நிற்க, நீங்கள் செய்ய வேண்டும். கடைசியாக இரண்டு ராத்திரி, நர்ஸ் யாரும் தொடாமல் நீங்கள் இருவர் மட்டுமே குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அந்த இரண்டு ராத்திரியில் வருகிற சந்தேகங்கள்தான் உண்மையான சந்தேகங்கள். கேட்டுத் தீர்த்துக்கொள்ள ஆளும் பக்கத்திலேயே இருக்கும்.

கணவருக்குத் தறியை விட்டு வர முடியாது என்றால், பகலில் வீட்டில் இருக்கிற மூன்றாவது ஆள் ஒருவரும் கற்றுக்கொள்ளட்டும். மாமியாருக்குக் கண் தெளிவாக இருந்து, கை நடுங்காது என்றால் அவரே போதும். பேத்தி மேல் இருக்கிற ஆசையில், நாம் நினைப்பதைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார். ஆனால் கணவருக்கு விலக்கு கிடையாது. குழாய் மாற்றும்போது இரண்டு பேர் வேண்டும், அவர் அதில் ஒருவர்.

மருத்துவரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “கழுத்துக் குழாய் வெளியே வந்துவிட்டால் இவளுக்கு மூக்கு, வாய் வழியாகக் காற்று போகுமா?” போகும் என்றால், ஆபத்தில் முகத்தில் மாஸ்க் வைத்து ஆம்பு பேக்கால் மூச்சு கொடுக்க முடியும். மேலே அடைப்பு இருக்கிறது என்றால் அது பலிக்காது, கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. வீட்டுக்கு வருகிற நர்ஸ் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் பல சமயம் இது இருப்பதில்லை.

சரி, நர்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஏஜென்சிகள் எல்லோரையும் ஹோம் நர்ஸ் என்றே சொல்வார்கள். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், ஏ.என்.எம். 2 வருடம். உங்கள் மகளின் இரவுக்கு முதல் இரண்டில் ஒன்று படித்து, தமிழ்நாடு நர்ஸஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர் வேண்டும். பதிவு எண்ணையும் சான்றிதழையும் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. ஆறு மாதம் படித்தவர்கள் குளிப்பாட்ட, புரட்ட, துணி மாற்ற, கூடமாட ஒத்தாசை செய்ய நல்ல கைகள். குழந்தையை அவரிடம் தனியாக விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

சான்றிதழ் மட்டும் போதாது. “ட்ரக்கியாஸ்டமி தெரியுமா?” என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: “பாப்பா நீலம் பாய்கிறாள், சக்ஷன் கதீட்டரை (சளி உறிஞ்சும் மெல்லிய குழாயை) விட்டால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. என்ன செய்வீங்க?” தெரிந்தவர் யோசிக்காமல் சொல்வார்: “குழாய் அடைத்திருக்கு. உதவிக்குக் கத்துவேன், குழாயை உருவிட்டுப் புதுசு போடுவேன், அது போகலைன்னா ஒரு சைஸ் சின்னது, மூச்சு கொடுப்பேன்.” “108க்குப் போன் பண்ணுவேன்” என்பதோடு நிறுத்துகிறவர் உங்களுக்கு ஆகாது. 108 கட்டாயம் கூப்பிட வேண்டும், ஆனால் அதை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். உங்கள் ஊருக்குள் வண்டி நுழைந்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த நிமிடங்கள் போய்விடும். குழந்தை பக்கத்தில் இருக்கிறவர் முதல் இரண்டு நிமிடத்தில் செய்வதுதான் உயிர்.

அடுத்து, அவரை வார்டுக்கு வரவழைத்து ஒருமுறை சக்ஷன் போடச் சொல்லி வேடிக்கை பாருங்கள். சொல்லாமலே கை கழுவுகிறாரா? கதீட்டரை எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று குழாயின் நீளத்தை வைத்து முன்கூட்டியே அளந்துகொள்கிறாரா, இல்லை முட்டுகிற வரை தள்ளுகிறாரா? முட்டித் தள்ளினால் உள்ளே புண்ணாகி ரத்தம் வரும். 10 வினாடிக்குள் வெளியே எடுக்கிறாரா? பேசத் தெரியாத குழந்தைதானே என்று சாமானைப் போலக் கையாள்கிறாரா, “கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு” என்று ஒரு வார்த்தை சொல்கிறாரா? இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் நிறைய மதிப்பெண் கொடுப்பேன். பேசுகிறவர் முகத்தைப் பார்க்கிறார். முகத்தைப் பார்க்கிறவருக்கு நிறம் மாறுவது முதலில் தெரியும்.

பெரியவர்கள் ஐ.சி.யூ.வில் பத்து வருடம் இருந்தவர் என்பதற்காக மயங்க வேண்டாம். குழந்தையின் குழாய் மிகச் சின்னது, கொஞ்சம் சளி காய்ந்தாலே அடைக்கும். குழந்தைகள் வார்டில் வேலை செய்தவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் வார்டு சிஸ்டரே இரண்டு மூன்று நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

தேடுவதற்கும் அந்த வார்டே நல்ல இடம். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் நர்சிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு சூலூர், பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டில் இருக்கிற நர்ஸ்கள் இருப்பார்கள். அக்கம்பக்கத்து ஊரில் இருந்து வருகிறவர் நீண்ட நாள் நிற்பார். ஏஜென்சி மூலம் எடுத்தால், ஆள் வராத நாளில் மாற்று ஆள் அனுப்புவது அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அந்த மாற்று ஆளும் முன்பே ஒருமுறை வந்து குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கிற பணத்தில் நர்ஸ் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். கைக்கு வருவது குறைந்தால் ஆள் நிற்க மாட்டார். பொங்கல், தீபாவளி, ஊர் மாரியம்மன் நோம்பி, கேரளத்துப் பெண்ணாக இருந்தால் ஓணம், கிறிஸ்துமஸ் என்று லீவு நாட்களை மாத ஆரம்பத்திலேயே காலண்டரில் குறித்துவிட்டால் கடைசி நேரத் தவிப்பு இருக்காது. வேலை முடிகிற நேரத்தை முதல் பஸ்ஸை ஒட்டி வையுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். காவல்துறையின் இணையதளத்தில் ஆள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அறையில் கேமரா வைப்பதானால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், நேராகவே சொல்கிறேன். வருகிறவர் என்ன சாதி என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்க விடாதீர்கள். தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் சாப்பாடு என்றெல்லாம் செய்தால் நல்ல நர்ஸ் யாரும் இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. உங்கள் மகளின் மூச்சைக் கையில் வைத்திருப்பவர் அவர். அதேபோல, “சும்மாதானே உக்காந்திருக்கு, ரெண்டு தார் சுத்தட்டும்” என்று யாரும் தறிக்கு நூல் சுற்றச் சொல்லிவிடக் கூடாது. உட்கார்ந்து குழந்தையைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. சுடச்சுட ஒரு டீ, முதுகு சாய ஒரு நாற்காலி, கழிப்பறை வசதி. இவ்வளவு கொடுங்கள்.

இனி வீடு. உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது பஞ்சுத்தூசியைப் பற்றி. மூக்கு செய்கிற வடிகட்டும் வேலை, ஈரமாக்கும் வேலை இரண்டும் இவளுக்கு இல்லை. காற்று நேராகக் குழாய்க்குள் போகிறது. குடோனிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி ஒரு அறையைக் கொடுங்கள், அந்தப் பக்கத்து ஜன்னலை மூடிவையுங்கள். விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தறியிலிருந்து வருகிறவர் குளித்துச் சட்டை மாற்றாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. குழாயின் வாயில் மாட்டுகிற செயற்கை மூக்கு என்ற சின்ன வடிகட்டியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது ஈரத்தையும் காக்கும், தூசியையும் ஓரளவு தடுக்கும். தினமும் மாற்ற வேண்டும், சளியில் நனைந்தால் உடனே.

குளித்ததும் பவுடர் போடுவது, சாம்பிராணி காட்டுவது, கொசுவர்த்தி, ஊதுபத்தி எல்லாம் அந்த அறையில் கிடையாது. அப்பத்தாவுக்கு இது மனசு கேட்காது. பவுடர் நேராக நுரையீரலுக்குப் போகும் என்று நர்ஸ் சொன்னால் ஒப்புக்கொள்வார். கொசுவுக்கு வலை கட்டுங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முறையையும் வார்டிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள், ஒரு வாய்த் தண்ணீர் குழாய்க்குள் போனாலும் ஆபத்து. இன்னொன்று, பாவம் பிள்ளை என்று யாரும் ஒரு ஸ்பூன் கஞ்சிகூட வாயில் கொடுக்கக் கூடாது. விழுங்கும் திறனைச் சோதித்து மருத்துவர் சொன்ன பிறகுதான் வாய் வழி உணவு. வயிற்றுக் குழாய் கழன்று வந்தால் சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். துளை புதிது என்பதால் வீட்டில் எதையும் உள்ளே செருகிப் பார்க்க வேண்டாம்.

சக்ஷன் மெஷின் பேட்டரியில் ஓடுகிறதாக வாங்குங்கள். அதோடு மின்சாரமே வேண்டாத, காலால் மிதிக்கிற ஒன்றும் இருக்கட்டும். மாதாந்திர மின்தடை நாள் உங்களுக்குத் தறிக்காகவே தெரிந்திருக்கும், முதல்நாள் ராத்திரி பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போடுங்கள். அதே அளவுக் குழாய் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று, நாடா, கத்தரி, குழாயில் தடவும் ஜெல்லி, கதீட்டர்கள், ஆம்பு பேக், எல்லாம் ஒரே பையில். குழந்தை எங்கே போனாலும், கோயிலுக்கே போனாலும், அந்தப் பை கூடவே போகும். ஒரு நோட்டும் போடுங்கள்: எத்தனை மணிக்குச் சக்ஷன், சளியின் நிறம், உணவு, சிறுநீர், காய்ச்சல், வலிப்பு. காலையில் நர்ஸ் கிளம்பும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து அதைப் படித்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அரசு உதவிகள் நர்ஸ் சம்பளத்தை ஈடுகட்டாது. அதனால் விட்டுவிடவும் கூடாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். இயலாமை நிலைத்திருந்தால் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் திறக்கும். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் என்று சான்று கிடைத்தால், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை மருந்து, தெரபி செலவுக்கு வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். அவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள், ராத்திரிக்கு மாற்று அல்ல. ஆனாலும் இப்படி ஒரு குழந்தை இந்த ஊரில் இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவது நல்லது.

மூத்தவனை மறந்துவிடாதீர்கள். அவனைப் பாதி நர்ஸ் ஆக்க வேண்டாம். “தங்கச்சி முகம் நீலமா தெரிஞ்சா சத்தம் போட்டுக் கூப்பிடு” என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தால் போதும். நர்ஸ் வருகிற ராத்திரிகளில் நீங்கள் அவன் பக்கத்தில் போய்ப் படுங்கள்.

நாளைக்கு வார்டு ரவுண்ட்ஸில் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்த இரண்டு ராத்திரிக்கு அனுமதி, மூக்கு, வாய் வழியாகக் காற்று போகுமா என்பதற்குப் பதில். குழாயின் அளவையும் கதீட்டரை எத்தனை சென்டிமீட்டர் விட வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். குழந்தையின் படுக்கைக்கு மேலே ஒட்டுகிற அவசரத் தாளைத் தமிழில், நர்ஸும் அப்பத்தாவும் ஒரே பார்வையில் படிக்கிற மாதிரி எழுதி அனுப்புகிறேன். உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகு ஒட்டுங்கள்.